மருந்து மூச்சில் சேரும் வழி: உள்ளிழுப்பான் பயிற்சியின் வரலாறு – சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் இன்று அடிப்படை மருத்துவமாக விளங்குவது உள்ளிழுப்பு மருந்து ஆகும். இம்மருந்தின் பயன் அதன் வேதியியலை மட்டுமன்றி, நோயாளி அதனை இழுக்கும் முறையையும் சார்ந்தது. கருவியின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ள அளவுக்கு அதனைக் கற்பித்தலின் வரலாறு கவனம் பெறவில்லை. புகை, வேது ஆகிய மரபு முறைகள் தொடங்கி, சென்னையிலிருந்து பிரிட்டனுக்குச் சென்ற ஊமத்தை, இருபதாம் நூற்றாண்டின் அழுத்தக் கருவிகள், சென்னைக் காசநோய் ஆய்வுகள் ஆகியவற்றினூடாக அவ்வரலாற்றை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. சங்கரன்கோவில் போன்ற ஒரு சிறு நகரச் சூழலில் அப்பயிற்சி எம்மொழியில், எவரால் அளிக்கப்பட வேண்டும் என்ற வினாவையும் அது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உள்ளிழுப்பான், நுரையீரல் அடைப்பு நோய், ஊமத்தை, மருத்துவ வரலாறு, நோயாளர் கல்வி, சங்கரன்கோவில்.

முன்னுரை

மாத்திரையை விழுங்குவதற்குப் பயிற்சி தேவையில்லை. ஊசியைப் பிறர் போடுகின்றனர். உள்ளிழுப்பு மருந்து இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கு மருந்தைச் செலுத்தும் விசையின் ஒரு பகுதி நோயாளியின் மூச்சே ஆகும். மூச்சு தவறினால் மருந்து தொண்டையிலும் நாவிலும் படிந்து வீணாகிறது. நோயாளியோ மருந்தை எடுத்துக்கொண்டதாகவே நம்புகிறார். நோய் தணியாதபோது அவர் மருந்தைக் குறைகூறுகிறார். மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார். பிழை நிகழும் இடத்தை இருவருமே அறிவதில்லை.

இந்தியாவில் இச்சிக்கலின் பரப்பு பெரிது. உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் இந்திய மாநிலங்கள் குறித்த பகுப்பாய்வு 2018-இல் வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி 2016-இல் இந்தியாவில் 5.53 கோடிப் பேர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாலும், 3.79 கோடிப் பேர் ஆஸ்துமாவாலும் பாதிக்கப்பட்டிருந்தனர். உலக மக்கள்தொகையில் இந்தியாவின் பங்கு சுமார் 18 விழுக்காடு. நாள்பட்ட சுவாச நோய்களால் விளையும் உலகச் சுமையில் அதன் பங்கோ 32 விழுக்காடு. இத்தகைய சுமையைக் குறைக்கவல்ல கருவி கையில் இருந்தும் பயன் முழுமையாகக் கிட்டாமைக்கான காரணங்களுள் ஒன்றை வரலாற்று நோக்கில் அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புகையும் வேதும்

மருந்தை மூச்சுவழிச் செலுத்தும் எண்ணம் தமிழ் மருத்துவ மரபுக்குப் புதியதன்று. சித்த மருத்துவம் வகுத்துரைக்கும் முப்பத்திரண்டு புறமருந்துகளுள் வேது, புகை, நசியம் ஆகியவை இடம்பெறுகின்றன. வேது ஆவியையும், புகை மருந்துச் சரக்கின் புகையையும், நசியம் மூக்கின்வழி இடும் மருந்தையும் குறிக்கும். இரைப்பு நோய்க்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பிடித்தல் நாட்டு மருத்துவத்தில் நன்கறியப்பட்ட முறையாகும்.

இம்முறைகளில் கருவியைக் கையாளும் சிக்கல் குறைவு. வேது பிடிப்பவர் போர்வைக்குள் இயல்பாக மூச்சு விட்டால் போதும். ஆவி தொடர்ந்து எழுவதால் ஒரு மூச்சு தவறினாலும் அடுத்த மூச்சில் மருந்து சேரும். மருந்தின் அளவு துல்லியமாக வரையறுக்கப்படவில்லை. ஆகவே ஒரு நொடியின் தவறுக்கு அங்குப் பெரும் விலை இல்லை. அளவு வரையறுக்கப்பட்ட மருந்து வந்த பின்னரே, இழுக்கும் முறையின் துல்லியமும் இன்றியமையாததாயிற்று.

2. சென்னையிலிருந்து சென்ற ஊமத்தை

ஐரோப்பிய மருத்துவத்தில் ஊமத்தைப் புகை இடம்பெற்ற வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவத் தலைவராக விளங்கியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். தாவரவியலிலும் ஈடுபாடு கொண்டிருந்த அவர் இரைப்பு நோய்க்கு ஊமத்தை இனம் ஒன்றைப் புகைக்கப் பரிந்துரைத்தார். அவரிடமிருந்து அதனை அறிந்த படைத்தளபதி ஜென்ட் 1802-இல் அதனைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். மருத்துவர் சிம்ஸ் இதனை 1812-இல் எடின்பரோ மருத்துவ இதழில் பதிவுசெய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டுக் கடைகளில் ஊமத்தை கலந்த ஆஸ்துமாச் சுருட்டுகளும் பொடிகளும் விற்பனைக்கு வந்தன.

ஊமத்தையில் அட்ரோபின் முதலிய காரப்போலிகள் உள்ளன. அவை மூச்சுக்குழாய்த் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துபவை. அளவு மீறின் மயக்கமும் மனக்குழப்பமும் விளைவிப்பவை. அட்ரோபினின் வேதிக் கட்டமைப்பை மாற்றி உருவாக்கப்பட்ட இப்ராட்ரோபியம் 1970-களில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வழிவந்த டையோட்ரோபியம் இன்று நுரையீரல் அடைப்பு நோய்க்கான முதன்மை உள்ளிழுப்பு மருந்துகளுள் ஒன்று. இன்றைய நோயாளி இழுக்கும் பொடிக்கும் அன்றைய ஊமத்தைப் புகைக்கும் இடையில் அறுபடாத மருந்தியல் தொடர்ச்சி உண்டு. ‘இன்ஹேலர்’ தம் மரபுக்கு அந்நியமானது என ஒதுங்கும் நோயாளியிடம் எடுத்துரைக்கத்தக்க வரலாற்றுச் செய்தி இது.

3. கருவியின் காலம்

‘இன்ஹேலர்’ என்னும் சொல்லை வழக்கில் கொணர்ந்தவர் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ஜான் மட்ஜ். 1778-இல் வெளியான இருமல் குறித்த தம் நூலில், வெள்ளீயக் குவளையைத் திருத்தியமைத்த ஆவிக் கருவியொன்றை அவர் விவரித்தார். 1858-இல் பிரான்சின் சேல்ஸ்-கிரோன் நீர்மத்தைத் துளிகளாக்கும் கையடக்கக் கருவியை அறிமுகப்படுத்தினார். இவையெல்லாம் மருந்தளவைக் கருவியே வரையறுக்காத கருவிகள்.

திருப்பம் 1950-களில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத் தலைவர் ஜார்ஜ் மேசனிடம், ஆஸ்துமா நோயாளியான அவர் மகள், தன் மருந்து கூந்தல் தெளிப்பான்போல் ஏன் வரக்கூடாது என 1955-இல் வினவியதாகக் கூறுவர். 1956-இல் அளவு வரையறுத்த அழுத்த உள்ளிழுப்பான் விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் 1969-இல் சால்புட்டமாலும், 1972-இல் பெக்லோமெத்தசோனும் இக்கருவியில் வெளிவந்தன. இந்தியாவில் சிப்லா நிறுவனம் 1976-இல் ஆஸ்துமாவுக்கான தெளிப்பு மருந்துகளை அறிமுகப்படுத்தியது.

அழுத்தக் கருவியின் இயல்பே அதன் சிக்கலுக்கும் காரணமாகும். குப்பியை அழுத்திய கணத்தில் மருந்து பெருவேகத்தில் வெளிப்படுகிறது. ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள துகள்களே நுரையீரலின் ஆழத்தை அடையும். பெரியவை தொண்டைச் சுவரில் மோதி நின்றுவிடும். 1981-இல் நியூமன் குழுவினர் கதிரியக்கக் குறியிட்ட துகள்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வில், மருந்தின் சுமார் 9 விழுக்காடே நுரையீரலைச் சேர்ந்தது. சுமார் 80 விழுக்காடு வாயிலும் தொண்டையிலும் தங்கியது. முறையாக இழுத்தாலே நுரையீரலுக்குக் கிட்டுவது சிறுபங்கு என்றால், முறை தவறினால் எஞ்சுவது மிகச் சொற்பமே.

அழுத்தும் கையையும் இழுக்கும் மூச்சையும் ஒருங்கிணைக்க இயலாதோர்க்கு மாற்றாகப் பொடிக் கருவிகள் தோன்றின. 1960-களின் இறுதியில் ஸ்பின்ஹேலரும், 1977-இல் ரோட்டாஹேலரும் வந்தன. பொடிக் கருவியில் மருந்தைக் கிளப்புவது நோயாளியின் மூச்சு விசையே. ஒருங்கிணைப்புச் சிக்கல் நீங்கியது. ஆயின் புதிய முரண் ஒன்று பிறந்தது. அழுத்தக் கருவியில் மெதுவாகவும் ஆழமாகவும் நான்கைந்து நொடிகள் இழுக்க வேண்டும். பொடிக் கருவியில் தொடக்கத்திலிருந்தே விரைவாகவும் வலுவாகவும் இழுக்க வேண்டும். ஒரே நோயாளிக்கு இருவகைக் கருவிகளும் அளிக்கப்படும்போது, ஒன்றில் சரியான செயல் மற்றொன்றில் பிழையாகிறது.

4. பிழைகளின் கணக்கு

கருவி பரவிய இருபதாண்டுகளுக்குள் பிழைகளும் பதிவாகத் தொடங்கின. எடின்பரோவின் கிராம்டன் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, அழுத்தக் கருவியைப் பயன்படுத்தியோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இடர்ப்பட்டதைக் காட்டியது. தொண்டையில் படும் குளிர்ந்த வாயுவால் இழுப்பதைப் பாதியில் நிறுத்திவிடுவதும் அவர் சுட்டிய பிழைகளுள் ஒன்று.

அதன்பின் மூன்று பதின்மங்களில் கருவிகள் பெரிதும் திருந்தின. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கையை அடுத்து உந்துவாயுவும் மாறியது. நோயாளியின் திறன் மட்டும் மாறவில்லை. 1975 முதல் 2014 வரை வெளியான 144 ஆய்வுக் கட்டுரைகளை, 54,354 பேரின் தரவுகளுடன், சாஞ்சிஸ் குழுவினர் 2016-இல் தொகுத்து ஆராய்ந்தனர். முறையாகப் பயன்படுத்தியோர் 31 விழுக்காட்டினர் மட்டுமே. அழுத்தக் கருவியில் ஒருங்கிணைப்புப் பிழை 45 விழுக்காட்டினரிடமும், இழுத்தபின் மூச்சை அடக்காமை 46 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. பொடிக் கருவியில், இழுப்பதற்கு முன் மூச்சை முழுதும் வெளிவிடாமை 46 விழுக்காடாக இருந்தது. நாற்பதாண்டுகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்பதே அவ்வாய்வின் முடிவு.

இம்முடிவு வரலாற்று நோக்கில் பொருள் பொதிந்தது. ஒவ்வொரு பிழைக்கும் விடையாகப் புதிய கருவி படைக்கப்பட்டது. ஒவ்வொரு புதிய கருவியும் தனக்கேயுரிய பிழைகளைக் கொணர்ந்தது. கேப்சூல் வடிவில் வரும் பொடி மருந்தைக் கருவியில் இடாமல் நோயாளிகள் விழுங்கிவிடுவது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. கேப்சூலைக் கண்டால் விழுங்குவதே ஒருவர் வாழ்நாள் முழுதும் பழகிய செயல். சொல்லித் தராத இடத்தில் பழைய பழக்கமே ஆசிரியராகிவிடுகிறது.

5. சென்னைக் காசநோய் ஆய்வுகள் தரும் பாடம்

மருந்து நோயாளியின் உடலைச் சேர்ந்ததா என்ற வினாவைத் தமிழகம் வேறொரு நோயின் வாயிலாக முன்னரே எதிர்கொண்டுள்ளது. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய காசநோய் மருத்துவமனை, ஓய்வும் தூய காற்றும் உணவும் மருந்தாக இருந்த காலத்தின் அடையாளம். மருந்துகள் வந்தபின், 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து அதனை அமைத்தன. உரிய மருந்தை உட்கொண்டால் வீட்டிலிருந்தே பெறும் மருத்துவமும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் மருத்துவத்துக்கு ஈடாகும் என்பதை அம்மையத்தின் 1959-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை நிறுவியது.

அம்மையத்தில் முதன்மைப் பங்காற்றிய வாலஸ் ஃபாக்ஸ், நோயாளிகள் தாமே மருந்து உட்கொள்வதிலுள்ள சிக்கல் குறித்து 1958-இல் கட்டுரை எழுதினார். வீட்டு மருத்துவத்தின் வெற்றி மருந்தை மட்டும் சார்ந்ததன்று, அதை உட்கொள்ளும் ஒழுங்கையும் சார்ந்தது என்னும் தெளிவே, பின்னாளில் நேரடிக் கண்காணிப்பு மருத்துவமாக உலகெங்கும் பரவியது.

நுரையீரல் அடைப்பு நோயில் அதே வினா இன்னும் நுட்பமாக எழுகிறது. காசநோயாளி மருந்தை விழுங்கினாரா என்பதே அங்கு வினா. இங்கு, எடுத்தாரா என்பதோடு எவ்வாறு எடுத்தார் என்பதும் வினாவாகிறது. முன்னதைக் காலியான மருந்துறையைக் கொண்டு ஊகிக்கலாம். பின்னதை நோயாளி இழுப்பதைக் கண்ணால் கண்டே அறிய இயலும். காசநோய்க்கு உருவான கண்காணிப்பு மரபு சுவாச நோய்க்கு விரியாமல் போனது தமிழக மருத்துவ வரலாற்றின் இடைவெளிகளுள் ஒன்று எனலாம். காசநோயிலிருந்து மீண்டோர் சிலர்க்குப் பின்னர் மூச்சுக்குழாய் அடைப்பு தோன்றுவதைக் கருதும்போது இவ்விடைவெளி மேலும் புலனாகும்.

6. சங்கரன்கோவில்: நோயின் சூழலும் மொழியின் சூழலும்

சங்கரன்கோவில் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் தென்காசி மாவட்டத்திலும் அமைந்த நகரம். சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசு விழாவாலும் அறியப்படுவது; நெசவும் விசைத்தறியும் நகரின் முதன்மைத் தொழில்கள். மாவட்டத்தின் பல ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். கரிசலும் மானாவாரியும் சூழ்ந்த சிற்றூர்களில் விறகடுப்பு நெடுங்காலம் வழக்கிலிருந்தது. விறகுப் புகை, பீடிப் புகை, பஞ்சுத் தூசி ஆகிய மூன்றும் நுரையீரலைத் தாக்குவன. 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, இந்தியாவில் நுரையீரல் அடைப்பு நோயின் சுமையில் காற்று மாசுக்கு 53.7 விழுக்காடும், புகையிலைக்கு 25.4 விழுக்காடும், தொழில்சார் காரணங்களுக்கு 16.5 விழுக்காடும் பங்குண்டு. திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நிகழ்த்திய ஆய்வு 2011-இல் வெளியானது, அவர்களுள் 2.44 விழுக்காட்டினர்க்கு இந்நோய் இருந்தது. ஆகவே இந்நோயைப் புகைபிடிக்கும் ஆடவரின் நோயாக மட்டும் கருதுவது பொருந்தாது.

இத்தகைய வட்டாரத்தில் பயிற்சி பேச்சுமொழியில்தான் நிகழ வேண்டும். அம்மொழியோ சில இடர்களையும் சில வாய்ப்புகளையும் ஒருங்கே கொண்டது. முதலாவது, ‘உறிஞ்சு’ என்னும் ஏவல். தமிழில் உறிஞ்சுதல் என்பது கன்னங்களைக் குழித்து நீர்மத்தை வாய்க்குள் கொள்ளும் செயல். அச்சொல்லைக் கேட்பவர் மருந்தை வாயில் வாங்கிக்கொள்வார், மார்பு விரியாது. ‘மூச்சை உள்ளே இழு’ என்பதே பொருந்தும் ஏவல். ஆனால் ‘இழுப்பு’ என்பது நோய்க்கே பெயராக வழங்குகிறது. நோயின் பெயரும் மருந்தின் செயலும் ஒரே சொல்லாக அமைவதால், செய்துகாட்டாத அறிவுரை குழப்பத்துக்கு இடமளிக்கும்.

இரண்டாவது, உடற்பழக்கம். விறகடுப்பில் ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிய பெண்ணுக்கு, வாயில் வைக்கும் குழல் என்றால் ஊதுவதே இயல்பு. உள்ளிழுப்பான் அதற்கு நேர்மாறான செயலைக் கோருகிறது. பொடிக் கருவிக்குள் ஊதினால் மூச்சின் ஈரத்தால் பொடி நனைந்து கட்டியாகும். ‘இது ஊதுகுழல் அன்று’ என்னும் ஒரு தொடர், நீண்ட விளக்கத்தினும் பயன் தரக்கூடும்.

மூன்றாவது, மரபின் வாய்ப்பு. மூச்சை வெளிவிடுதலும் உள்வாங்குதலும் அடக்குதலும் இரேசகம், பூரகம், கும்பகம் எனத் தமிழ் யோக மரபில் பெயர் பெற்றவை. அழுத்தக் கருவியின் படிநிலைகளும் இவையே: முழுதும் வெளிவிடுதல், அழுத்தியவாறே மெதுவாக இழுத்தல், பத்து நொடி அடக்குதல். இவ்வொப்புமை மருத்துவச் சான்றாகாது. மூச்சுப்பயிற்சி மருந்துக்கு மாற்றுமாகாது. எனினும் படிகளை நினைவிற்கொள்ள ஏற்ற சொற்கள் இம்மரபில் ஏற்கெனவே உள்ளன.

நான்காவது, நம்பிக்கை. சங்கரன்கோவில் கோயிலின் புற்றுமண்ணை நோய்தீர்க்கும் மருந்தாக மக்கள் பெற்றுச் செல்கின்றனர். உள்ளிழுப்பானையோ, தொடங்கினால் விடமுடியாத பழக்கம் என்றும், நோய் முற்றியோர்க்கான இறுதி மருந்து என்றும் அஞ்சுவோர் பலர். மூச்சுக்குழாய்க்கே நேரடியாகச் செல்வதால் இம்மருந்து மாத்திரையினும் மிகக் குறைந்த அளவில் போதுமானது என்பதை விளக்காத பயிற்சி முழுமை பெறாது. நம்பிக்கையைப் பழிக்காமல் அச்சத்தை நீக்குவது பயிற்சியின் ஒரு கூறாகும்.

7. பயிற்றுவிப்போர் யார்

வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே கிட்டும். ஒருமுறை கற்றதும் நாளடைவில் மறக்கும். ஆஸ்திரேலியாவில் பஷேட்டி குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. மருந்தாளுநர்கள் நோயாளியைச் செய்துகாட்டச் சொல்லி, பிழையான படிகளைக் குறித்த சிறு தாளைக் கருவியிலேயே ஒட்டி அனுப்பினர். திறன் நீடித்து நின்றது. சொல்லுதல், செய்துகாட்டுதல், செய்யச் சொல்லிப் பார்த்தல், பிழை திருத்தி மீண்டும் செய்யச் சொல்லுதல் என்னும் சுழற்சியே அதன் அடிப்படை.

செலவும் பெருந்தடையன்று. மூச்சை ஒருங்கிணைக்க இயலாத முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் இடைக்குடுவை உதவும். மருந்து அதில் தேங்கி நிற்க, இயல்பாக மூச்சு விட்டே அதனைப் பெறலாம். வேதுப் போர்வையின் எளிமை இங்கு வேறு வடிவில் மீள்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஹெதர் சார் குழுவினர் 1999-இல், அரை லிட்டர் நெகிழிப் புட்டியில் அமைத்த இடைக்குடுவை விலைமிக்க குடுவைக்கு ஈடாகக் குழந்தைகளுக்குப் பயன்பட்டதை நிறுவினர்.

தமிழகத்தில் வீடுதேடிச் செல்லும் அமைப்பு இன்று உள்ளது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்தையும், இயன்முறை மருத்துவத்தையும், நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாயிலுக்குக் கொண்டுசென்றது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டமும் 2023-இல் பெயர் மாற்றம் பெற்று, நுரையீரல் அடைப்பு நோயையும் ஆஸ்துமாவையும் உள்ளடக்கியது. மருந்தை வழங்கும் கை, இழுக்கும் முறையையும் பார்வையிடுமாயின் இவ்விரண்டு போக்குகளும் ஓரிடத்தில் இணையும்.

முடிவுரை

உள்ளிழுப்பு மருத்துவத்தின் வரலாறு இதுகாறும் கருவியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவி திருந்தியும் பிழை குறையவில்லை என்பதை நாற்பதாண்டுத் தரவுகள் காட்டுகின்றன. கற்பித்தலை மருத்துவத்தின் துணைச்செயலாகக் கொள்ளாமல் மருந்தளவின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும். சென்னைக் காசநோய் ஆய்வுகள் மருந்துக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்தன. உள்ளிழுப்பு மருந்தில் அத்தொலைவு உதட்டிலிருந்து நுரையீரல் வரையிலானது. அதனைக் கடக்கத் தேவைப்படுபவை சில நிமிடங்கள், பொருத்தமான தமிழ்ச் சொற்கள், நோயாளி இழுப்பதைப் பார்த்துத் திருத்தும் ஒருவர். சங்கரன்கோவிலின் நெசவாளர்க்கும் விறகடுப்பின் முன் வாழ்நாளைக் கழித்த மூதாட்டிக்கும், கையிலிருக்கும் மருந்து பயன் தருவதும் தராமல் போவதும் இம்மூன்றையும் பொறுத்தே அமையும்.